முதலில் விழித்த மெஷின்

கம்ப்யூட்டரில் சொருகும் சாமான்களுக்கு, அவை விழித்துக்கொள்ளும் வரிசையில்தான் எண் கொடுக்க வேண்டும் என்பது தம்பியின் கட்சி. முதலில் குரல் கொடுத்தவர் பூஜ்ஜியம், அடுத்தவர் ஒன்று. இந்த எண்களை வழங்குவது கெர்னல். கம்ப்யூட்டரின் அடியில் உட்கார்ந்து எல்லாச் சாமான்களையும் கட்டி மேய்க்கும் நிரல். அதை எழுதும் குழுவில் அவனும் ஒருவன். சொருகிய இடத்தை வைத்தே பெயர் கொடுக்கலாமே என்று குழுவில் யாரோ சொல்லப்போக, கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றான். அந்தத் திருத்தம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது.

அக்காவின் கால்நடை மருத்துவமனைக்கு எடை பார்க்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவனும் இதே மகானுபாவன்தான். பூனைக்கு மேசை மேல் ஒரு மெஷின், நாய்க்குத் தரையில் ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனி. திரையில் எடை வரும். அதற்கேற்ற மயக்க ஊசியின் அளவும் வரும். பூஜ்ஜியம் மேசை, ஒன்று தரை என்று எழுதிவிட்டுக் காலாட்டிக்கொண்டு காபி குடித்தான்.

ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. அறுவைக்கு வந்திருந்தது அவனுடைய செல்லப் பூனை. அதை மேசையில் விட்டுவிட்டு, சுவரோரம் நின்று போனில் குழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அடுத்து காத்திருந்த கொழுத்த நாய் தரை மெஷின் மேல் தாராளமாகப் படுத்திருந்தது.

"முப்பத்தோரு கிலோ காட்டுதுடா," என்றாள் அக்கா.

"கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். போட்டுடு," என்றான் நிமிராமல்.

அக்கா போடவில்லை. பூனையை ஒரு கையால் தூக்கி, அவன் போனுக்கும் மூக்குக்கும் நடுவே நீட்டினாள்.

"இதுவா முப்பத்தோரு கிலோ?"

போனை இறக்கிவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தான். மின்சாரம் வந்ததும் தரை மெஷின் முந்திக்கொண்டு விழித்திருக்கிறது. பூஜ்ஜியம் அதற்குப் போய்விட்டது. நாயின் எடை பூனையின் தலையில் விடிந்திருக்கிறது.

"போட்டிருந்தா?"

"எழுந்திருக்காது."

மெஷின்களின் தொடர் எண்ணை வைத்தாவது பிரித்துவிடலாம் என்று தேடினான். கம்பெனிக்காரன் புண்ணியவான், இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தான். கடைசியில், எந்தத் துளையில் சொருகியிருக்கிறதோ அதுவே பெயர் என்று தன் கையாலேயே எழுதினான்.

"நீ என்ன வேணா எழுதிக்கோ. தூக்கிப் பாக்காம நான் ஊசி போட மாட்டேன்," என்றாள் அக்கா.

பூனை தையலோடு கண் திறந்து அவனை முறைத்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. போனை எடுத்து, ஆட்சேபத்தை வாபஸ் வாங்குவதாக எழுதினான். குழு திகைத்துப்போனது. இத்தனை மாதச் சண்டையில் யாருடைய வாதம் அவனை அசைத்தது என்று கேட்டார்கள்.

"பூனை" என்று பதில் எழுதினான்.