கப்பலில் சோறு போடுவார்கள்

அலாஸ்கா எங்கே இருக்கிறது என்று கங்கையம்மாளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அமெரிக்காவிலிருந்து மகன் மாணிக்கவேல் போனில் பனிமலை, திமிங்கிலம், கரடி என்று அடுக்கிக்கொண்டே போக, சேலையூர் வீட்டுக் கூடத்தில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உம் கொட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரம். போனை எப்போது வைப்பான் என்று இருந்தது அவளுக்கு.

"சாப்பாடெல்லாம் கப்பல்லயே குடுத்துடுவாங்கம்மா," என்றான் கடைசியில். "நீ ஒண்ணுமே செய்ய வேணாம்."

"ஒண்ணுமேவா?"

"காபிகூட அவங்கதான்."

"அப்ப வரேன்பா," என்றாள்.

அவ்வளவுதான். பனிமலையாவது, திமிங்கிலமாவது! ஒரு வாரம் அடுப்பைத் தொடாமல் இருக்கலாம் என்றால் அவள் எமலோகத்துக்கே டிக்கெட் எடுத்திருப்பாள்.

அவள் புருஷன் அரிகிருஷ்ணன் குடும்பம் சேலையூரில் பழைய குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தையெல்லாம் எண்பதுகளில் மனை போட்டு விற்றுவிட்டு, கேம்ப் ரோட்டில் மாடி வீடும் நாலு கடையும் கட்டிக்கொண்டார்கள். ஏர் போயிற்று, மாடு போயிற்று, அறுப்பு போயிற்று. அடுப்பு மட்டும் போகவில்லை. முன்னே அறுப்புக்கு வந்த ஆட்களுக்குச் சோறு. பிறகு வீடு கட்ட வந்த மேஸ்திரிகளுக்கு. இப்போது மனை பார்க்க வருகிற புரோக்கர்களுக்கு. நடுவில் கொழுந்தன்மார், ஓரகத்திகள், அவர்கள் பிள்ளைகள். பெரிய மருமகள் என்று வந்த நாளிலிருந்து கரண்டி கைமாறவே இல்லை. அந்த வீட்டில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் பசிக்கும், அவ்வளவுதான். கங்கையம்மாளுக்கு வந்திருந்த அலுப்பு, படுத்து எழுந்தால் போகிற அலுப்பு இல்லை. எழுந்திருக்கும்போதே கூட எழுந்து வருகிற அலுப்பு.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஆடி பிறந்த கையோடு புருஷனும் அவளும் மகன் இருக்கிற சியாட்டில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் விட்டதா? மகனுடைய சிநேகிதர்கள் ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக, "அம்மா கையால சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு" என்று வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் அம்மாக்கள் ஊரில் இருக்கிறார்கள். கிடைத்த அம்மா இவள். ஆக்கிப் போட்டாள். கப்பலுக்கென்று அரிகிருஷ்ணன் ஒரு பை தயார் பண்ணச் சொன்னார். மிளகாய்த்தூள், எலுமிச்சை ஊறுகாய், வறுத்த கருவாடு, அப்பளம். எல்லாவற்றையும் பாந்தமாகக் கட்டினாள். கட்டி, மகன் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் செருகிவிட்டுக் காரில் ஏறினாள்.

"மறந்துட்டேங்க," என்றாள், கப்பல் கிளம்பிய பிறகு.

"மறந்துட்டியா! நீயா! உன்ன நம்பி இம்மாந்தூரம் வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்," என்று அரிகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார். கங்கையம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

சின்னக் கப்பல்தான். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. ஆட்டமும் பாட்டமும் அதில் கிடையாது. ஐம்பது, அறுபது பேர், முக்கால்வாசி தலை நரைத்த வெள்ளைக்காரர்கள், ஆளுக்கொரு பைனாகுலர். பெரிய கப்பல் நுழைய முடியாத சந்துகளில் எல்லாம் இது நுழையும். இரண்டு பக்கமும் காடு, காட்டுக்கு மேலே மலை, மலைக்கு மேலே பனி. காலையில் ரப்பர் படகில் இறக்கிக் கரையோரமாகக் கூட்டிப்போவார்கள். கங்கையம்மாள் புடவைக்கு மேலே மகனுடைய கோட்டு, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கொழுந்தன்மார் பார்த்தால் சிரித்தே செத்திருப்பார்கள்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில்தான் வினை வந்தது. ராத்திரி என்று சொல்வது பேச்சுக்கு. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை. ஒரு பெண் வந்து முதலில் கங்கையம்மாள் முன்னால் தட்டை வைத்தாள். பிறகு அவருக்கு. பிறகு மகனுக்கு. வெண்ணெயில் வாட்டிய பெரிய மீன் துண்டு, உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி. அதிலிருந்து எழுந்த ஆவி முகத்தில் பட்டது. யாரோ ஆக்கியது! யாரோ ஆக்கி, தட்டில் வைத்து, கொண்டுவந்து வைத்தது! கங்கையம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து பசி கிளம்பி வந்தது.

ஆனால் எப்படித் தொடுவாள்? அவர் வீட்டில் ஆம்பிளைகள் கை கழுவி எழுந்த பிறகுதான் பெண்பிள்ளைகள் உட்காருவது. யாரும் சட்டம் போட்டதில்லை. மாமியார் அப்படி, ஓரகத்திகள் அப்படி, அவளும் அப்படி. அவர் ஒரு வாய் வைக்கட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அரிகிருஷ்ணன் முள்கரண்டியால் மீனைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாடி பண்ணிகீறானுங்க மீன? தண்ணில முக்கி எடுத்தா மாதிரி கீது. கோவளத்துலேந்து வர்ற நம்ம குப்பம்மா இதப் பாத்தான்னா மீன்கூடையாலயே அடிப்பா இவனுங்கள." தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். மத்தியானம் ரொட்டியும் ஜாமும் அரை சீப்பு வாழைப்பழமும் உள்ளே தள்ளியவர். அவருக்கு என்ன கேடு!

அவர் வேண்டாமென்று தள்ளிய பிறகு இவள் எப்படித் தன் தட்டில் கை வைப்பாள்? பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆவி அடங்கியது. வெண்ணெய் உறைந்தது. பரிமாறுகிற பெண் வந்து, ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள். கங்கையம்மாள் ஒரு பன்னைப் புடவைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுபோய்க் குளியலறையில் நின்று தின்றாள். தின்னும்போது அழுகை வந்தது. சோற்றுக்கு அழுகிற வயசா இது என்று தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

மறுநாள் கோழி. அதே கதை. அடுத்த நாள் ஆட்டுக்கறி. அதே கதைதான், பன்னும் அதே பன்தான்.

நாலாம் நாள் காலையில் ஓடை ஒன்று கடலில் கலக்கிற இடத்தில் படகை நிறுத்தினார்கள். தாய்க் கரடி ஒன்று தண்ணீரில் இறங்கி மீன் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. கரையில் இரண்டு குட்டிகள் நின்று கத்தின. அது திரும்பியும் பார்க்கவில்லை.

"இன்னா ஜென்மம்பா இது," என்றார் அரிகிருஷ்ணன். "புள்ளைங்க கத்துது, தான் பாட்டுக்குத் துன்னுகினு கீது."

"குளிர்காலம் வந்தா அது குகைக்குள்ள போய்த் தூங்கிடும்பா," என்றான் மாணிக்கவேல், வழிகாட்டிப் பெண் சொன்னதைக் கேட்டு. "வசந்தம் வர்ற வரைக்கும் எழுந்திருக்காது. அதான் இப்பவே சாப்பிட்டு வெச்சுக்குது."

"வசந்தம் வரைக்குமா?" என்று கேட்டாள் கங்கையம்மாள். "யாரும் எழுப்ப மாட்டாங்களா?"

"எழுப்பினா கடிச்சிடும்மா," என்று சிரித்தான்.

கரடியைப் பார்த்துத்தான் அவளுக்குப் புத்தி வந்தது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அந்தத் தூக்கத்தை நினைத்து ஏங்கியதுதான் அன்றைக்கு அவள் செய்தது.

சாயங்காலம் மாணிக்கவேல் முகமெல்லாம் பல்லாக வந்தான். "அம்மா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ். மூணு நாளா ராத்திரி நீயும் அப்பாவும் தட்டத் தொடவே இல்லையாம். சமையல்காரர் என்கிட்ட வந்து ரொம்ப வருத்தப்பட்டார். நான் பேசி வெச்சிருக்கேன். நாளையிலேந்து கிச்சன்ல உனக்கு ஒரு அடுப்பு. அரிசி இருக்கு, மஞ்சள், மிளகாய்த்தூள், சீரகம் எல்லாம் இருக்காம். நீயே சமைக்கலாம்!"



"அடி சக்க!" என்று தொடையைத் தட்டினார் அரிகிருஷ்ணன். "புள்ளன்னா இவன் புள்ள! கங்கா, நாளைக்கு அந்த மீனப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஒரு கொழம்பு வெய்யி. வெள்ளக்காரனும் துன்னுட்டு மெர்சலாவட்டும்."

"எல்லாருக்குமா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கேட்டாங்கம்மா, எல்லாருமே ஆசைப்பட்டாங்க," என்றான் மகன். "ஆனா சமையல்காரர் மானஸ்தர். இன்னிக்கு நைட் அவரே உங்களுக்குன்னு பார்த்து ஒண்ணு செய்யறாராம். அதையும் நீ தொடலைன்னா, நாளையிலேந்து அடுப்பு உன்னுதுன்னுட்டார்."

கங்கையம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அம்மா எப்போது சாப்பிடுகிறாள் என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருந்தால், மூன்று நாளாக அவள் ஏன் தட்டைத் தொடவில்லை என்று தெரிந்திருக்கும். இவனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? அப்படி வளர்த்தவளும் அவள்தானே. எனக்கு ஆக்க முடியாதுப்பா என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது. அந்த வார்த்தையை அவள் ஜன்மத்தில் சொன்னதில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அறுபது பேருக்கு எத்தனை படி அரிசி என்று மனசு தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அன்றைக்குச் சமையல்காரரே வெள்ளைத் தொப்பியோடு வந்து, கங்கையம்மாள் முன்னால் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். மீன், பக்கத்தில் சோறு, மேலே ஏதோ மஞ்சளாக ஊற்றியிருந்தது. ஆவி பறந்தது. அரிகிருஷ்ணன் தன் தட்டைக் குனிந்து மோந்து பார்த்து, "ஊஹூம்," என்று நகர்த்தினார். "ஒரு நாள்தான? நாளைக்கித்தான் நம்ம கொழம்பு கீதே."

கங்கையம்மாள் முள்கரண்டியை எடுக்கவில்லை. கையால் மீனையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள். நாக்கு பொசுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பாமல் விழுங்கிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினாள்.

"இன்னாடி இது?" அரிகிருஷ்ணன் வாயைப் பிளந்தார். "நான் இன்னும் கையே வெக்கல!"

"பசிக்குதுங்க."

"அப்ப எனக்கு?"

"தட்டு உங்க எதிர்லதான கீது," என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

அவர் மகனைப் பார்த்தார். மகன் அம்மாவைப் பார்த்தான். "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்றான், நம்பாமல்.

"உப்பு கம்மிதான். இருந்தா இன்னா, நான் ஆக்கலியே! அவர்கிட்ட சொல்லிடு ராசா, நாளைக்கும் அவரே ஆக்கட்டும்."

மறுபடியும் நாக்கைச் சுட்டுக்கொண்டு "உஸ்" என்றாள்.

"ஏம்மா, மெதுவா ஊதிச் சாப்பிடக் கூடாதா?"

"சூடா சாப்ட்டுப் பழக்கமில்லப்பா," என்றாள் கங்கையம்மாள்.

மாணிக்கவேல் எடுத்த கரண்டியை அப்படியே தட்டில் வைத்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த கவளத்தை உருட்டி, வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், குழந்தைக்கு ஊதுவது மாதிரி ஊதிக்கொண்டிருந்தாள்.