கடவாயில் வெள்ளி

இரண்டாவது தடவையும் பல் அடைப்பு விழுந்துவிட்டது. அம்மாக்கண்ணு அதைக் கடதாசியில் மடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் பல் பகுதி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். வேர் சிகிச்சை செய்த கடவாய்ப்பல் திறந்து கிடந்தது. வலப்பக்கம் மென்று தின்ன அது ஒன்றுதான் மிச்சம்.

"பேசாம புடுங்கிருவோம் புள்ள. நம்ம தோட்டத்து லயத்துல புடுங்காத வாய் எது?" என்றான் புருஷன் செல்லசாமி.

"புடுங்க வேண்டியது ஒங்க நாக்கத்தான்."

டாக்டர் அஃப்னா கடதாசியைப் பிரித்துப் பார்த்தார்.

"இது தற்காலிக அடைப்புதான். ஆனா இவ்வளவு சீக்கிரம் விழாதே. என்னத்தக் கடிச்சீங்க அக்கா?"

"ஒண்ணும் கடிக்கலைங்க. சோறு, ரொட்டி."

செல்லசாமி சிரித்தான். "படங்குக் கயித்தச் சொல்லு."

ஈரத் தேயிலைச்செடி உடம்பில் படாதிருக்க இடுப்பில் கட்டும் படங்கு. கொழுந்து ஆய்ந்து வெடித்த விரல்களுக்கு முடிச்சு இறுகாது. கயிற்று நுனியைக் கடவாயில் கவ்வி இழுப்பாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான். அதைக் கடிப்பதாக அவள் நினைத்ததே இல்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வெள்ளை அடைப்பு பல்லு நெறத்துல இருக்கும். ஆனா ஒட்டும்போது எச்சில் படக்கூடாது. ஒங்க பல்லு ஈறு வரைக்கும் ஒடைஞ்சிருக்கு, காய வைக்கிறது கஷ்டம். ஓரத்துல இடைவெளி விழுந்தா கிருமி எறங்கி வேர் திரும்பவும் பழுதாகும். வெள்ளி அடைப்பு போகப்போகக் கறுக்கும். ஆனா பல்லோட மேல்பக்கத்தச் சீவி முழுசா மூடிட்டா கடி தாங்கும்."

"கறுப்பா? மக கல்யாணத்துல சிரிச்சா?" என்றான் செல்லசாமி.

"ஒங்களக் கட்டுனதுல இருந்து நான் எங்க சிரிச்சேன். வெள்ளியே வைங்க டாக்டரம்மா."

"கயித்த விட்ருங்க அக்கா."

"வெரலு கேக்கணுமேங்க."

இரண்டு நாள் கழித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த தடித்த ரொட்டியை அம்மாக்கண்ணு வலப்பக்கம் வைத்துக் கடித்தாள். மென்றாள். வலி இல்லை. இன்னொரு துண்டு. அதுவும் இறங்கியது.

"புடுங்கலையா?" என்றாள் கூடக் கொழுந்து ஆயும் ஜீவராணி.

"எதுக்குப் புடுங்கணும்?"

அண்ணாந்து வாயைத் திறந்தாள். கூடைகளை இறக்கிவிட்டுப் பெண்கள் சூழ்ந்தார்கள். உள்ளே வெள்ளி ஈரமாக மின்னியது. யாரோ கை தட்டினார்கள். "நீ மகாராணிதான் புள்ள" என்றாள் ஒருத்தி. அம்மாக்கண்ணு வாயை மூடாமலே சிரித்தாள்.

ஜீவராணி சிரிக்கவில்லை. "பல்ல வச்சுக்கிறியான்னு என்னைய யாருமே கேக்கலையே."

அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. பல் போன இடத்தில் உள்ளிருந்து நாக்கு பட்டு அவள் கன்னம் புடைத்தது. அமுங்கி, அடுத்த இடத்தில் புடைத்தது. பிறகு அதற்கும் அடுத்த இடத்தில்.