பானையும் தலையும்

கணவரின் பேச்சுக்கு அவளும் கை தட்டினாள். நாலு பேர் பார்க்கிறார்களே! உள்ளே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

இருவரும் ஒரே மொழிப் பள்ளியில் ஆசிரியர்கள். அவள் பிரெஞ்சு, அவர் இத்தாலியன். மாதாந்திரச் சொற்பொழிவுக்கு மட்டும் முதல்வர் எப்போதும் அவரைத்தான் கூப்பிடுவார். ஒரே ஒரு தடவையாவது அந்த மேடையில் நின்றுவிட வேண்டும் என்று அவள் ஏங்கிக் கிடந்தாள்.

இன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரே சொல். லத்தீனில் 'டெஸ்டா' என்றால் மண்பானை. தலைக்கு வேறொரு மரியாதையான சொல் இருந்தது. கிண்டலுக்குத் தலையைப் பானை என்று சொல்லப்போக, கிண்டலே நிலைத்துவிட்டது. இத்தாலியனில் 'டெஸ்டா', பிரெஞ்சில் 'தெத்'. இரண்டுக்கும் இன்று பொருள் தலைதான்.

"இத்தாலிக்காரங்க, பிரெஞ்சுக்காரங்க எல்லாம் தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பானைக்குத்தான் தலை வாரிக்கிறாங்க, பாவம்!" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் பிரெஞ்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறாரே என்று அவளுக்கு ஆற்றாமை.

பின்வரிசையிலிருந்து, மாலை வகுப்புக்கு வரும் மருந்துக்கடைக்காரர் ஒருவர் எழுந்தார். "தமிழ்ல இந்த மாதிரி ஏதாவது இருக்கா சார்?"

கணவர் மேசையிலிருந்த டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார். அவளைப் பார்த்தார்.

அவளுக்குத் தெரியும். மண்டை! பழந்தமிழில் அது இரப்பவர் ஏந்தும் பாத்திரம். நேற்றுதான் கண்டுபிடித்தாள், அவரிடம் மூச்சு விடவில்லை. எழுந்து சொல்லலாம். சொன்னால் அவர் மானம் அல்லவா பிழைக்கும்? நன்றாக முழிக்கட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"தெரியலைங்க," என்றார் கடைசியில். அதற்கும் கை தட்டினார்கள், நேர்மையாம்! அடுத்த மாதமும் அவரே பேசுவார் என்று முதல்வர் அங்கேயே அறிவித்துவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் குத்தினாள். "இன்னிக்கு நல்லா மாட்டிக்கிட்டீங்க."

"மண்டைதானே? நேத்து உன் தங்கச்சிகிட்ட போன்ல சொன்னியே, காதுல விழுந்துச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

"அது உன்னோடது. நான் எப்படிச் சொல்றது?" அவர் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அந்தக் கேள்வியைக் கேக்கச் சொன்னதே நான்தான். நீ எந்திரிச்சுப் பேசுவ, முதல்வர் கேப்பாரு, அடுத்த மாசம் உன்னைக் கூப்பிடுவாருன்னு நினைச்சேன். ஏம்மா, தொண்டை சரியில்லையா?"

நல்லவர் என்ற பெயரையும் இவரே தட்டிக்கொண்டு போய்விட்டார்.

பேருந்தில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அதற்கும் வயிறு எரிந்தது.