எல்லாம் சரியா இருக்கு, சார்

நாலு மாசம் நாயா அலைஞ்சு மனநல டாக்டர்கிட்ட வாங்கின அப்பாயின்ட்மென்ட். என் வீட்டுக்காரரு அதை நாலே நிமிஷத்துல கெடுத்துட்டாரு.

காலையில முகம் மழிச்சு, சட்டைக்கு மடிப்பு நிக்கிற மாதிரி இஸ்திரி போட்டு, ஷூவைத் தேய்தேய்னு தேய்ச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பதினெட்டு வருஷம் பட்டாளத்துல இருந்த மனுஷன். அங்க டாக்டர் முன்னாடி நின்னா ஒரு குறையும் இல்லைன்னுதான் காட்டணும். குறை இருக்குன்னு வாயைத் திறந்தவனை ஓரங்கட்டிருவாங்களாம். "இங்க உள்ளதை உள்ளபடி சொன்னாத்தாங்க மருந்து தருவாங்க"ன்னு பஸ்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டினாரு. எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரு.

உள்ள போனதும் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துட்டாரு.

"தூக்கம் எப்படி இருக்கு?"ன்னு டாக்டர் கேட்டாரு. சின்ன வயசுக்காரரு, பொறுமையான ஆளு.

"நல்லா தூங்குறேன், சார்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தினமும் ராத்திரி அலமாரியை இழுத்து வாசக்கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு, பாத்ரூம் தரையில ஷூவோட உட்கார்ந்திருக்கிற மனுஷன் பேசுற பேச்சா இது?

"திடீர்னு சத்தம் கேட்டா பதறுவீங்களா?"

"இல்லை, சார்."

வேலை பார்த்த பஸ் பட்டறையில டயர் வெடிச்சதும் மேஸ்திரியைக் கீழ தள்ளி, அவர் மேலயே படுத்துக்கிட்டு எழுந்திருக்கவே விடலை. காப்பாத்துறாராம். மேஸ்திரிக்குத் தோள்பட்டை கழண்டுச்சு, இவருக்கு வேலை போச்சு.

"உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

"இல்லை, சார். எல்லாம் சரியா இருக்கு."

என்னால அடக்க முடியலை. "பொய் சொல்றாரு, டாக்டர். போன செவ்வாக்கிழமை மொட்டை மாடிச் சுவர்மேல ஏறி நின்னாரு. எங்க பொண்ணுதான் காலைக் கட்டிப் பிடிச்சு இறக்கினா."

"தண்ணித் தொட்டியைப் பார்க்க ஏறினேன், சார். இவ பயந்துட்டா. சரியா தூங்குறதும் இல்லை, பாவம்."

பாவமாம்.

டாக்டர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாரு. அங்க இஸ்திரி போட்ட சட்டை. இங்க ஜோடி மாறின செருப்பும், வாராத தலையுமா மூக்கைச் சிந்திக்கிட்டு ஒரு பொம்பளை. யாரை நம்புவாரு? "நீங்கதாம்மா ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க"ன்னு எனக்கு மாத்திரை எழுதினாரு. இவரை மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாரு.

மூணு மாசம். அதுவரைக்கும் மாடிக்கதவுச் சாவியை நான் எங்கன்னு ஒளிச்சு வைப்பேன்?

பஸ் ஸ்டாப் பெஞ்சுல உட்கார்ந்தோம். "பாஸாயிட்டீங்க, சந்தோஷமா?"ன்னு கேட்டேன். என் மடியில இருந்த மாத்திரைக் கவரையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

"அதுல எனக்கு ஒண்ணு குடுப்பியா?"

"உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் நல்லா தூங்குறீங்களே."

"நான் தொட்டியைப் பார்க்க ஏறலை."

எனக்குக் கோபம் போன இடம் தெரியலை. "இதை அவர்கிட்ட சொல்லக் கூடாதா?"

"அவர் கேட்டா வாய் தானா இல்லைங்குது. நீ கேளு, சொல்றேன்."

கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத் திரும்பப் போனேன். "உங்க முறை முடிஞ்சுதே"ன்னு நர்ஸ் மறிச்சாங்க. முடிஞ்சா முடியட்டும். உள்ள வேற யாரோ பேஷன்ட் இருந்தாரு, அவர் முன்னாடியே போய் நின்னேன். "டாக்டர், நீங்க ஒண்ணும் கேட்காதீங்க. நான் கேட்கிறேன், நீங்க எழுதுங்க."

டாக்டரைப் பார்த்ததும் இவருக்கு மறுபடியும் முதுகு நிமிர்ந்துச்சு. தோளைப் பிடிச்சு என் பக்கம் திருப்பினேன்.

"தூங்குறீங்களா?"

"இல்லை."

"சத்தம் கேட்டா?"

"செத்துப்போனவங்க எல்லாரும் தெரியிறாங்க."

மூணாவது கேள்வி எனக்கு வாயில வரவே இல்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தவர்கிட்ட அதை எப்படிக் கேட்கிறது?

நான் கேட்காமலே அவர் சொன்னாரு.

"இப்பவும் தோணுது."

டாக்டர் அந்த பேஷன்டை வெளிய உட்காரச் சொல்லிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்தாரு.