மேடைக்குக் காத்திருந்த வழக்கு

தர்மம் செய்கிறவர்கள் கைதட்டலுக்கு ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. தட்டிவிட்டுப் போகலாம், கை ஒன்றும் தேய்ந்துவிடாது. ஆனால் அந்தக் கைதட்டலுக்காக ஒரு ஏழையின் வழக்கையே பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள் என்று சின்ன வக்கீல் கனவிலும் நினைக்கவில்லை.

சின்ன வக்கீல் என்பது அறக்கட்டளை அலுவலகத்தில் அவளுக்கு விழுந்த பெயர். அவளைச் சட்டம் படிக்க வைத்ததே அந்த அறக்கட்டளைதான். கல்லூரிக் கட்டணம், விடுதி, புத்தகம், முதல் கறுப்புக் கோட்டு வரை அவர்கள் தயவு. படித்து முடித்ததும், வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் அவர்களுடைய பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அறக்கட்டளைக்குப் பணம் தரும் புரவலரைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகப் பேசினால் அவள் அப்பா இன்றைக்கும் சண்டைக்குப் போய்விடுவார்.

அன்று ஆண்டு விழா. மேடை மேசையில் நீலக் கோப்புகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ரிப்பன் கட்டும் வேலையை மேனேஜர் அவளிடம் ஒப்படைத்திருந்தார். புரவலர் தன் கையாலேயே கட்சிக்காரர்களுக்கு அவரவர் வழக்கு மனுவைக் கொடுப்பார். போட்டோ எடுப்பார்கள். வருடா வருடம் நடக்கிற சடங்கு. கொடுப்பது நகல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

லாண்டரி அக்காவின் கோப்பு கைக்கு வந்தபோது சும்மா புரட்டிப் பார்த்தாள். அவளே உட்கார்ந்து எழுதிய மனு. ஓட்டல் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் உருளை மெஷின் அக்காவின் வலது கையை உள்ளே இழுத்துவிட்டது. விரலைக் காக்கும் தகடு கழன்று கிடப்பதை அக்கா எத்தனையோ முறை சொல்லியும் முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை முடங்கியதோடு வேலையும் போனது. அதற்கான வழக்கு அது. கோப்பில் இருந்தது அசல். அதில் கோர்ட் முத்திரையும் இல்லை, வழக்கு எண்ணும் இல்லை.

சின்ன வக்கீல் விபத்து நடந்த தேதியைத் தேடிப் பார்த்தாள். இந்த மாதிரி வழக்குக்குச் சட்டத்தில் கடைசித் தேதி ஒன்று உண்டு. தாண்டினால் தாண்டியதுதான், எந்த நீதிபதியாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தேதி போன வாரமே முடிந்துவிட்டது.

மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், இதை ஏன் கோர்ட்ல போடல? கேட்டப்போ எல்லாம் 'ஆச்சு ஆச்சு'ன்னீங்களே?"

"போன மாசமே விழா நடந்திருக்க வேண்டியதும்மா. அய்யாவோட வெளிநாட்டுப் பயணத்தால தள்ளிப் போச்சு. அவர் கொடுக்கறதுக்கு முன்னாடி நாமளே போட்டுட்டா, அவர் எதைக் கொடுப்பாரு?"

"தேதி முடிஞ்சு போச்சு சார்."

"தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டா போச்சு."

"இதுல அதுக்கு இடமே இல்ல. நீங்களும் வக்கீல்தானே சார்!"

மேனேஜர் மைக்கின் பொத்தானை அணைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. தேதியை அவர் பார்க்கவே இல்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதே" என்றார் தணிந்த குரலில். "அடுத்து படிக்கப் போற பிள்ளைங்களுக்கு அய்யா மேடையிலயே செக் தரப் போறாரு. எல்லாம் உன்னை மாதிரி வீட்டுப் பிள்ளைங்க. அவங்க வாயில மண்ணைப் போட்டுடாதே. நீ யார் தயவுல படிச்சேன்னு கொஞ்சம் நினைச்சுப் பாரு."

அவர் சொன்னதில் பாதி நிஜம். அதனால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. படிக்க வைத்த கடனுக்கு வாயையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டாளா என்ன?

அக்கா ஹாலுக்கு வெளியே நடைபாதையில், மேனேஜர் எழுதிக் கொடுத்த நன்றியுரையை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மடங்காத வலது கையைச் சால்வைக்குள் மறைத்திருந்தாள்.

"வாங்கம்மா, வாங்க. 'தெய்வமே நேரில் வந்ததுபோல்'னு ஒரு வரி இருக்கு. சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துடுது."

சின்ன வக்கீல் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அக்கா முதலில் நம்பவில்லை. பிறகு அந்தக் காகிதத்தைக் கசக்கினாள்.

"அப்போ அந்த ஓட்டல்காரன் தப்பிச்சுட்டான். அப்படித்தானே?"

"ஆமாங்க்கா."

"அவனைக் கோர்ட்ல நிக்க வெச்சு, எதுக்குடா தகட்டை மாட்டலன்னு கேட்பீங்கன்னு நம்பியிருந்தேனே. ரிப்பன் கட்டவா வெச்சிருந்தீங்க?"

"தப்பு எங்களோடதுதான். எங்க அறக்கட்டளை மேல நீங்க வழக்குப் போடலாம்."

"நீங்க வாதாடுவீங்களா?"

"என்னால முடியாதுங்க்கா. நான் சாட்சிக் கூண்டுல ஏறி நடந்ததைச் சொல்லணும். வேற வக்கீலை நான் பார்த்துத் தர்றேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குள் உள்ளே அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். சின்ன வக்கீலும் பின்னாலேயே போய் மேடையோரம் நின்றாள்.

புரவலர் பார்க்க நல்ல மனிதர்தான். இடது கையை நீட்டிய அக்காவிடம் கோப்பைக் கொடுத்து, போட்டோக்காரர் சொல்லும் வரை தன் பிடியை விடாமல் சிரித்தார். அக்கா மைக்குக்கு முன்னால் வந்தாள்.

"அய்யா, நீங்க வர்றதுக்காக என் வழக்கைக் கோர்ட்டுக்கு அனுப்பாம எடுத்து வெச்சிருந்தாங்களாம். அதுக்குள்ள தேதி போயிடுச்சாம். இனிமே செல்லாதாம். இப்போ இந்தப் பேப்பரை வெச்சு நான் என்ன செய்ய?"

புரவலர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் தரையைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் புரவலரின் கண் நிஜமாகவே கலங்கியது. அக்காவின் தோளில் கை வைத்து மைக்கில் சொன்னார்.

"கவலைப்படாதீங்கம்மா. அந்த ஓட்டல்காரர் என்ன கொடுத்திருப்பாரோ, அதை நானே தர்றேன். ரெண்டு மடங்கா தர்றேன்."

ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தட்டினார்கள், தட்டினார்கள், அந்தப் பாழாய்ப்போன கைகள் ஓயவே இல்லை. சின்ன வக்கீலுக்கு மேசையைக் கவிழ்த்துப் போடலாமா என்றிருந்தது.

அக்கா சத்தம் அடங்கும் வரை நின்றாள்.

"நான் தர்மம் கேட்டு வரலீங்க" என்றாள். "தப்பு செஞ்சவன் பதில் சொல்லணும்னு வந்தேன். நீங்க எதுக்கு அவனுக்குப் பதிலா கொடுக்கணும்? அவன் உங்களுக்கு மாமனா மச்சானா?"

தோளில் இருந்த கையை மெல்ல விலக்கிவிட்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். யாரும் தட்டவில்லை. சின்ன வக்கீல் நிற்கும் இடத்துக்கு நேராக வந்தாள்.

"உங்க ஆபீஸ் மேல போடற வழக்குக்கும் கடைசித் தேதி இருக்கா?"

"இருக்குங்க்கா."

"அப்போ இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றோம்? வக்கீலைக் காட்டுங்க."

மேனேஜர் மேடையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சின்ன வக்கீல் திரும்பிப் பார்க்காமல் அக்காவோடு தெருவில் இறங்கினாள்.