ரதத்துக்குப் பின்னால் போகிற லோரி

சென்ற தைப்பூசத்தன்று துளசியின் மானம் ஜாலான் டத்தோ கிராமாட் சாலையில் கப்பலேறியது. மோர்ப் பீப்பாய்களைச் சுமந்துகொண்டு வெள்ளி ரதத்துக்குப் பின்னால் ஊர்ந்த அவளுடைய பழைய இங்கிலீஷ் லோரி, ரேடியேட்டர் கொதித்து நடுச்சாலையில் நின்றுவிட்டது. தாகத்துக்கு வந்த சனம்தான் அதைத் தள்ளி ஓரங்கட்டியது.

இந்த ஆண்டு வாடகை லோரிதான் என்று கோயில் செயலாளர் நாகப்பன் முடிவே கட்டிவிட்டார். துளசி விடுவதாயில்லை. நடை வேகத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். அதன் பெல்ட்டில் ஓடும் விசிறியும் மெதுவாகத்தானே சுற்றும், கொதிக்காமல் என்ன செய்யும்? அதைக் கழற்றிவிட்டு மின்விசிறி பூட்டினாள். ஜுருவில் ஒரு பட்டறையில் தினமும் கார்களுக்கு வயரிங் செய்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா!

"ஒரு மணி நேரம் வெயில்ல ஓடவிட்டுக் காட்டு. கொதிக்கலன்னா உன் லோரிதான்," என்றார் நாகப்பன்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த திடலில் இன்ஜின் உறுமியது. மின்விசிறியும் சுற்றியது. ஆனால் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது.

"மறுபடியும் பானாஸ்லா, சூடு ஏறுது," என்றார் அவளுடைய அண்ணன் பழனியப்பன். "அடைச்சிடு. இன்ஜின் வெந்துடும். வாடகை லோரியே வரட்டும்."

இன்ஜினை நிறுத்தினாள். விசிறியை மட்டும் தனியாக ஓடவிட்டு, முன்கிரில்லில் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தாள். காற்றை உள்ளே இழுத்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவோ பறந்துபோய் நாகப்பனின் வேட்டியில் விழுந்தது.

"விசிறி தலைகீழா சுத்துது!" என்று கத்தினாள்.

துளசிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கார் என்றால் பேட்டரியின் மைனஸ்தான் பாடியில் இருக்கும். கைப்பழக்கத்தில் கறுப்பு வயரைப் பாடியில் பூட்டிவிட்டாள். இந்தக் கிழட்டு லோரிக்கோ பாடியில் இருப்பது பிளஸ்; மின்சாரம் மாறி ஓட, விசிறியும் மாறிச் சுற்றியிருக்கிறது. இத்தனை வருடம் வீட்டு வாசலில் நிற்கிற வண்டி, அவளுக்கே மறந்துபோயிற்று.

இரண்டு வயர்களையும் இடம் மாற்றினாள். இந்த முறை காகிதம் கிரில்லில் அப்பிக்கொண்டது. இன்ஜின் கொஞ்சம் ஆறியதும், "நாகப்பண்ணே, முதல்லேர்ந்து மணி பாருங்க," என்று மறுபடி கிளப்பினாள்.

முள் பாதிவரை ஏறியது. அதற்குமேல் அசையவே இல்லை. நாகப்பனுக்கு வேர்த்து ஊற்றியது.

"சரிம்மா, நீயே வா. வெயில் தாங்கல. நிறுத்திடு."

"ஒரு மணி நேரம்னு சொன்னது நீங்க," என்றாள் துளசி. "இன்னும் பாதிகூட ஆகலை. உக்காருங்கண்ணே."

அவர் உட்கார்ந்தார்.