பழைய நம்பருக்குப் போன சீட்டு

பதிவு மேஜையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் குண்டூசி என்று பெயர். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும். பதினோரு வருஷத்தில் ஒரு கோப்புகூட மாறியதில்லை என்று பீற்றிக்கொள்வாள். யானைக்கே அடி சறுக்கும்போது இவள் எம்மாத்திரம்?

காலையில் கை முறிந்து வந்த பெண் ஜன்னலருகே குனிந்து சொன்னாள்.

"அக்கா, நானும் பொண்ணும் இப்ப வேற இடத்துல இருக்கோம். அவருக்கு விலாசம் தெரிஞ்சா எங்களை உயிரோட விடமாட்டார். புது நம்பரைப் போட்டுக்கோங்க."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதும்மா," என்றாள் குண்டூசி. வாய் காப்பாற்றியது. கைதான் காட்டிக்கொடுத்தது.

ஒரு ஆளுக்கு ஒரே கோப்பு என்பது அங்கே சட்டம். அந்தப் பெண்ணின் பிரசவ காலத்துக் கோப்பு ஒன்று கணினியில் கிடந்தது. குண்டூசி பழையதையும் புதியதையும் ஒன்றாகச் சேர்த்தாள். அப்படிச் சேர்த்தால் பழைய போன் நம்பர்தான் நிற்கும்; கையால் மாற்றவேண்டும். வரிசையில் ஒரு பெரியவர் இருமிக்கொண்டே சண்டைக்கு வந்தார். அவரைச் சமாளித்த கையோடு நம்பரை மறந்துபோனாள். பதிவுச் சீட்டு, அந்தப் பழைய நம்பருக்குரிய புருஷனின் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போய்ச் சேர்ந்தது.

மத்தியானம் அவனே வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழப்பை, முகமெல்லாம் சிரிப்பு.

"என் வீட்டுக்காரிக்கு அடிபட்டிருக்காம்மா. இங்கதான் இருக்காளா?" என்று போனை நீட்டினான்.

திரையில் பழைய நம்பர் குண்டூசியைப் பார்த்து இளித்தது. எப்படியாவது இவனை அந்தப் பெண் இருக்கும் மாடிக்கு விடக்கூடாது, அவ்வளவுதான் தோன்றியது.

"பார்வை நேரம் நாலு மணிக்குத்தான் சார்."

"நாலு மணியா? சரிம்மா, ரொம்ப நன்றி."

காவலாளியிடம் அவனைக் காட்டி, மேலே விடாதே என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஓடினாள். அந்தப் பெண் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். குண்டூசி மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினாள்.

"தப்பு என்னோடதும்மா. உன்னை வேற ரூமுக்கு மாத்தச் சொல்றேன்."

"சிரிச்சாரா?"

"ஆமா."

அதற்குள் காவலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"அவர் அப்பவே கிளம்பிட்டார்மா. தங்கமான மனுஷன், ஒரு சத்தம் போடலை."

குண்டூசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் படுக்கையில் இருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அந்தச் சீட்டுல விலாசம் இருக்குமா?"

இருக்கும். பெயர், வயது, காலையில் குண்டூசி தன் கையாலேயே அடித்த புது விலாசம். குண்டூசி தலையை ஆட்டினாள்.

"அப்ப என்னைப் பார்க்க வரலைக்கா. நான் இங்க மாட்டிக்கிட்டேனான்னு தெரிஞ்சுக்க வந்திருக்கார். நாலு மணின்னு நீங்களே சொல்லி அனுப்பிட்டீங்க. பொண்ணு வீட்ல தனியா இருக்கா."

குண்டூசி தன் போனிலேயே, வீட்டில் பொண்ணிடம் இருக்கும் அந்தப் புது நம்பரை அழுத்தினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பானது. மூன்றாவது தடவை குழந்தையின் குரல் கேட்டது. தாய் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கண்ணு, யார் வந்தாலும் கதவைத் திறக்காதே!"

"அப்பா பழம் வாங்கிட்டு வந்திருக்கார்மா," என்றது குழந்தை. "உன்கிட்ட பேசணுமாம்."